சட்டைப்பையில் கரையும் மாத்திரை

"காச நோயே வரலீங்களே, அப்புறம் எதுக்குங்க மாத்திரை?" என்று வசந்தாமணிதான் கேட்டாள். "வராம இருக்கத்தாம்மா. உன் வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்கு. காசமும் சேர்ந்தா உடம்பு தாங்காது. ஒரு நாள்கூட விடக் கூடாது," என்றார் கோவை டாக்டரம்மா. அந்தக் குரல் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

அன்னூர் வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் காலை வெயில் ஓட்டு இடுக்குகளின் வழியே பொட்டுப் பொட்டாய் விழுகிறது. ரேடியோ பருத்தி விலை சொல்கிறது. மாமனார் பேப்பர் படிக்க, கொழுந்தன் சவரம் செய்கிறான். அவள் வீட்டுக்காரன் நாச்சிமுத்து சொம்புத் தண்ணீரோடு சுவர்ப்பக்கம் திரும்புகிறான். உள்ளங்கையில் வெள்ளை மாத்திரை. "ஏங்கண்ணு, தெனத்துக்கும் என்ன மாத்தரை?" என்கிறாள் அவன் அம்மா. "தலவலிங்மா." "உம் பொண்டாட்டி வாய்க்குத் தல வலிக்காம என்ன பண்ணும்? எனக்கும் ஒண்ணு குடு!" எல்லோரும் சிரிக்கிறார்கள். "தீந்துபோச்சுங்மா," என்று அவனும் சிரிக்கிறான். மூடிய கை மெல்லச் சட்டைப்பைக்குள் போகிறது. துவைக்கும்போதெல்லாம் அந்தப் பையின் தையலிலிருந்து வெள்ளைக் கூழைச் சுரண்டி எடுப்பவள் வசந்தாமணி. இத்தனை கண்களுக்கு நடுவில் அவன் விழுங்கப் போவதில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத அந்த நோயைக் காரணமாய்ச் சொல்லவும் அவளுக்கு வழியில்லை. குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பேருக்குப் பயந்து மாதக்கணக்காய்த் தொண்டையில் நிறுத்தி வைத்ததை, தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் எதிரிலும் கேட்கிறாள்.

"ஏனுங்க, நாம தனிக்குடித்தனம் போயர்லாமுங்க."