மாதிரிக் கை

மாளிகைக் கதைகள் ஓடிய காலத்தில், துணை நடிகை சொர்ணத்தாயை முகமெல்லாம் பவுடர் அப்பித்தான் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள். இப்போது மண்ணின் கதைகளுக்குக் காலம் வந்துவிட்டது. கறுப்புதான் அழகு என்று பேட்டிக்குப் பேட்டி முழங்குகிற இயக்குநரே கூப்பிட்டனுப்பியதால், இந்தத் தடவை வேஷம்தான் என்று கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள்.

வடக்கிலிருந்து வந்து இறங்கிய பால் நிறத்து நாயகியின் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள். "கையைக் கொஞ்சம் நீட்டும்மா" என்றார் மேக்கப்மேன் லாசர். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து நாயகியின் கன்னத்தில் கறுப்புக் குழம்பைப் பூசினார்.

"அதே கலர்! உண்மைன்னா இதுதான்யா உண்மை" என்று இயக்குநர் கண் கலங்கினார்.

"எனக்கு என்ன வேஷம் சார்?"

"நீதாம்மா படத்துக்கே உயிர். ஷூட்டிங் முடியிற வரைக்கும் தினம் வந்து கையை நீட்டணும்." பிறகு வெளியே பார்த்துக் கத்தினார்: "யோவ், அந்தம்மாவுக்குக் குடை பிடிங்கய்யா. இன்னும் கறுத்துட்டா ஹீரோயினுக்கு மேட்ச் ஆகாது."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவன் அவளுக்குக் குடை பிடித்தான். மரியாதைக்கு அதன் கீழ் நாலு எட்டு நடந்தாள். அப்புறம் நிழலே இல்லாத ஒரு பாறையாகப் பார்த்து உட்கார்ந்து, ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, சாவகாசமாக வெயிலுக்குக் கையை நீட்டினாள்.