தீ தணிந்த மாலை

தீ சுருங்கியது.

பந்தலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஆலையின் உயரமான குழாய் உச்சியில் இரவும் பகலும் ஓங்கி எரிந்த தீ. இப்போது அகல்விளக்குத் திரிபோல் நின்றது.

யாரோ அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"இவங்கதான் இந்த யூனிட்டோட இன்ஜினியர்," என்றார் மேனேஜர் வரதன், மைக்கில். "இனிமே கழிவு வாயுவ எரிச்சுத் தீர்க்க வேண்டியதில்ல. அதுல இருக்கிற ஹைட்ரஜன மீட்டு ஆலைக்கே திருப்பி அனுப்பறோம். கார்பன் டை ஆக்சைடத் தனியாப் பிரிச்சுடறோம். பலன் உங்க கண்ணு முன்னாடியே தெரியுது."

எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

அவள் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

தீ குறைந்தது ஹைட்ரஜனை மீட்டதால் அல்ல.

காலையில்தான் தெரிந்தது. வாயுவைப் பிரிக்கும் கோபுரங்களுக்குள் நிரப்பியிருந்த மணிகளில் ஈரம் ஏறியிருந்தது. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிறுத்திக்கொண்டு ஹைட்ரஜனை மட்டும் வெளியே விட வேண்டிய மணிகள். ஈரம் குடித்துவிட்டால் அவை எதையும் பிடிக்காது. அத்தனையையும் மாற்ற வேண்டும். புதியவை கப்பலில் வர வேண்டும்.

சோதனையின்போது, கொஞ்சம் வாயுவை மட்டும் விட்டுப் பார்த்தபோது, ஹைட்ரஜன் சுத்தமாகப் பிரிந்து வந்தது. அன்று அவளுக்குக் கண் கலங்கியது. அன்று யாரும் கை தட்டவில்லை.

இன்று காலை வரதனிடம், விழாவைத் தள்ளிவைக்கலாம் என்றாள்.

வரதன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

"டில்லியிலிருந்து ஆளுங்க வந்து இறங்கியாச்சும்மா. இன்னிக்கு ஒரு நாள் ஆலை ஓட்டத்தக் குறைச்சுடுவோம். கழிவு குறைஞ்சா தீ தானாக் குறையும். இது பொய் இல்ல. நடக்கப் போறதக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டறோம். அவ்வளவுதான்."

கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஓட்டத்தைக் குறைத்தது அவள்தான். இன்னொருவரைச் செய்யச் சொல்ல வாய் வரவில்லை.

விழா முடிந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது.

கேட்டைத் தாண்டியதும் தேசம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆலை மதிலை ஒட்டிய குப்பத்துக்காரி. கேட்டுக்கு எதிரே மீன் வறுத்து விற்பவள். இத்தனை நாளும் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னாம்மா, நீதான் பண்ணியாமே?"

"ஆமா."

வாய் முந்திக்கொண்டது.

அதைத் திருத்துவதற்குள் தேசம்மா இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். "ஒரு நிமிசம் எங்கூட்டுக்கு வந்துட்டுப் போ. வந்து பாரேன்."

ஒற்றை அறை வீடு. ஆலைப் பக்கம் பார்த்த ஒரே ஜன்னல்.

அதைத் தகரம் அடித்து மூடித்தான் வைத்திருந்தார்களாம். மூடாவிட்டால் ராத்திரி முழுக்க வெளிச்சம் சுவரில் கிடந்து ஆடும். பிள்ளை வீறிட்டு எழுந்துகொள்ளும். மூடினால் புழுக்கத்தில் புரண்டுகொண்டே கிடக்கும். இன்றைக்குத் தீ இறங்கியதைப் பார்த்ததும் தேசம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து தகரத்தைப் பெயர்த்திருக்கிறாள். தகரம் வாசலில் கிடந்தது. ஆணிகள் தரையெல்லாம் சிதறியிருந்தன.

ஜன்னல் வழியே கடல் காற்று வந்தது.

பாயில் ஒரு பெண் குழந்தை கை கால்களைப் பரப்பித் தூங்கியது.

"எம் பொண்ணு. இருட்டுனப்புறம் இது இப்டி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல," என்று தேசம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீ நல்லா இருக்கணும்."

இரண்டு கைகளாலும் அவள் முகத்தை வழித்துத் தன் நெற்றியோரம் விரல்களைச் சொடுக்கினாள். எல்லா விரல்களும் நெரிந்தன.

வழித்த இடமெல்லாம் எரிந்தது அவளுக்கு.

"இரு, இதக் கூட்டித் தள்ளிடறேன்." தேசம்மா விளக்குமாற்றை எடுத்தாள். ஆணிகள் மண்ணோடு சேர்ந்து வாசலை நோக்கி உருண்டன.

அவள் சட்டென்று குனிந்தாள்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். துருப்பிடித்தவை, வளைந்தவை. பொன்னாடை தோளிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

"ஐய, உடும்மா. கையில குத்திக்கப் போற. அது இன்னாத்துக்கு இனிமே?"

"தூக்கிப் போட்டுடாதீங்க."

விளக்குமாறு நின்றது.

அவள் நிமிரவில்லை. தரையைப் பார்த்தே சொன்னாள். "மிஷின் ஓடல. இன்னிக்குத் தீயக் குறைச்சு வெச்சிருக்கோம். வந்தவங்க பாக்கறதுக்காக. நாளைக்குக் காலைல பழையபடி…"

இன்னும் ஓர் ஆணியைப் பொறுக்கினாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

தேசம்மா அவளைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் நின்ற அந்தச் சின்னச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். குழந்தை புரண்டு படுத்தது.

தேசம்மா முந்தானையை விரித்து நீட்டினாள்.

அவள் ஆணிகளை அதில் போட்டாள். ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் உதறினாள்.

தேசம்மா முந்தானையை முடிந்துகொண்டாள்.

பிறகு குனிந்து, பிள்ளை விழித்துவிடாமல், பாயை ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.