தள்ளிவிட்ட பதிவு

டமார்!

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸின் பின்டயர் வெடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தர்மிளா போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஃபைல், குடை, சாப்பாட்டுப் பை மூன்றையும் சுமந்தபடி பக்கத்தில் நின்றுகொண்டே வந்த விசாலாட்சி, கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

“ஃபைல் கசங்கலையே?” என்றாள் தர்மிளா.

“இல்ல பாப்பா.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஃபைலைத் தடவிப் பார்த்தாள் விசாலாட்சி.

பத்து மணிக்கு நேர்முகப் பரீட்சை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கதை முடிந்தது. மழையில் ஊறிக் கிடந்த வீதியில் இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

தர்மிளாவுக்கு இது நான்காவது நேர்முகம். இதுவும் கைவிட்டால் கொழும்பில் ஏதாவது துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். அதனால் இந்தத் தடவை அவள் காப்புறுதியைப் படிக்கவில்லை. காப்புறுதி நிறுவனத்தின் கிளை முகாமையாளரைப் படித்தாள். ஜெயமலர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகநூலை மூன்று நாளாக அடிவரை தோண்டியாகிவிட்டது.

“மேடத்துக்கு ரோஜான்னா உசுரு. பதினாலு வகை வச்சிருக்காங்க. மக மெல்பர்ன்ல படிக்குது. நாய் பேரு டஃபி.”

“அந்தம்மா வீட்டு நாய் பேரு கூடவா அதுல போட்டிருக்கு?”

“எல்லாம் இருக்கும். தேடத் தெரியணும்.”

நடந்தபடியே இன்னொரு முறை போனைப் பார்த்தாள். மாமியார் படுத்த படுக்கை, வீட்டோடு நின்று பார்க்க நம்பிக்கையான ஆள் தேவை என்று ஒரு பதிவு வந்தது. அதைப் பெருவிரலால் தள்ளிவிட்டு மறுபடி ரோஜாவுக்குப் போனாள். இன்னொரு கை தன்னையறியாமல் காதுக்குப் போனது.

“காதுல கைய வைக்காத பாப்பா. எடது தோட்டுத் திருகாணி லூசு.”

“தெரியும், நீ வேகமா நட.”

அலுவலக வாசலுக்கு வந்தபோது மணி பத்தாக ஐந்து நிமிடம். தர்மிளாவின் சப்பாத்து முழுவதும் சேறு. விசாலாட்சி சட்டென்று மண்டியிட்டாள். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்களால் சேற்றை வழித்து, முந்தானையால் பளபளவென்று துடைத்துவிட்டாள். மாடி ஜன்னலில் திரை விலகி மறுபடி மூடியதை இருவருமே கவனிக்கவில்லை.

“நீ மேல வராத. இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள் தர்மிளா.

உள்ளே எல்லாம் நினைத்ததைவிட நன்றாகப் போனது.

“மேடம், அந்த மஞ்ச ரோஜா பதியம் வச்சதா, ஒட்டுக் கட்டினதா?”

ஜெயமலரின் முகம் மலர்ந்தது. “ஒட்டுத்தான். உங்களுக்கும் ரோசா விருப்பமோ?”

“உசுரு மேடம்.”

பத்து நிமிடம் ரோஜாவிலேயே போனது. காப்புறுதி பற்றி ஒரேயொரு கேள்வி. அதற்குச் சொன்ன தப்பான பதிலை ஜெயமலர் காதில் வாங்கவேயில்லை.

“அப்பா என்ன செய்யிறார்?”

“தோட்டத்துல ஸ்டாஃப், மேடம். குவாட்டர்ஸ்லதான் இருக்கோம்.”

ஜெயமலர் எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினாள். “கீழ நிக்கிறது ஆர்? உங்கட சப்பாத்தைத் துடைச்சு விட்டவ?”

தர்மிளா மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“எங்க வீட்டுல வேலைக்கு இருக்கவங்க மேடம். கூலிக்காரங்க லயத்து ஆளு. கைப்புள்ளையில இருந்து என்னைப் பாத்துக்கிட்டது அவங்கதான்.”

“இப்பிடி ஒரு ஆள் இந்தக் காலத்தில எங்க கிடைக்குது!” ஜெயமலர் திரும்பி வந்து உட்கார்ந்தாள். “எங்கட மாமி எழும்பி நடக்கமாட்டா. பீ, மூத்திரம் எல்லாம் படுக்கையிலதான். வந்த மூண்டு பேரும் ஓடிட்டினம். இவவை எனக்குத் தாங்கோவன்?”

தள்ளிவிட்ட பதிவு தர்மிளாவின் கண்முன் வந்து நின்றது.

“வெளியில இன்னும் ஏழு பேர் இருக்கினம்” என்றாள் ஜெயமலர், அவளுடைய ஃபைலை மூடாமல். “ஆனா நீங்கள் ஓமெண்டால், திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம். நான் கேக்கட்டோ, நீங்கள் கேக்கிறீங்களோ?”

தர்மிளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் சொன்னா தட்டமாட்டாங்க மேடம்.”

கீழே விசாலாட்சி ஓடிவந்தாள். “கெடச்சிருச்சா பாப்பா?”

கன்னத்தை வழிக்க நீண்ட அவள் கைகளுக்கு எட்டாமல் தர்மிளா பின்னால் நகர்ந்தாள். மாடி ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விஷயத்தை நாலே வார்த்தையில் சொன்னாள்.

விசாலாட்சி நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள்.

“அந்தியில வீட்டுக்கு விடுவாங்களா?”

“மாட்டாங்க. அங்கயே தங்கணும்.”

“எப்ப இருந்து?”

“இப்ப இருந்தே. கார்ல கூட்டிட்டுப் போறாங்களாம்.”

விசாலாட்சி சேறு காய்ந்த முந்தானையைக் கசக்கினாள். “நான் போகலைன்னா வேல இல்லையா?”

“இல்ல.”

“அப்ப போறேன்.” குடையையும் சாப்பாட்டுப் பையையும் நீட்டினாள். “ரெண்டு பேருக்குன்னு கட்டுனது. மிச்சம் வைக்காம சாப்புடு.”

ஜெயமலர் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். “என்ன, வாறாவாமோ?” என்று பின்கதவைத் திறந்துவிட்டாள்.

விசாலாட்சி ஏறி, இருக்கையின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஜெயமலர் முன்பக்கம் போவதற்குள், முந்தானையைச் சரிசெய்பவளைப் போல் தர்மிளா உள்ளே குனிந்தாள். விசாலாட்சியின் காதுத் துளையில் தோடு இல்லை. ஓர் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தது. அந்தக் காதில் வாயை வைத்துச் சொன்னாள்:

“பெத்தவ நீதான்னு மட்டும் அங்க யார்கிட்டயும் சொல்லிறாதம்மா.”