பிழை இருக்கும்வரை

“உண்மையச் சொல்லு வினுஷா. அந்த லைப்ரரிய எழுதினவன் உனக்குத் தெரிஞ்ச ஆளா?”

தனசேகரன் கேட்டதும் வினுஷா தன் தே ஓ கிளாஸில் இருந்த பால் இல்லாத டீயைக் கலக்கினாள்.

தேக்கா கோப்பிக் கடையில் அவர்கள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பார்வை இல்லாதவர்களுக்கு எந்த பஸ் வருகிறது என்று தமிழில் சொல்லும் ஆப் ஒன்றை அவர்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

ஆப் திறக்கும்போதெல்லாம், நிரலுக்குள் அங்கங்கே எழுதிவைத்த குறிப்புகளைத் தேடிப் படித்துக் கொடுக்க லைப்ரரி என்னும் தயார் நிரல்தொகுப்பு ஒன்று வேண்டும். அதையும் யாராவது எழுதி இலவசமாக வைத்திருப்பார்கள். இதுவரை பயன்படுத்தியது ஆமை வேகம். போதாததற்குப் பிழை மேல் பிழை. இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடும்.

யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் வினுஷா மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு இருக்குன்னு எழுதினா உடனே பதில் போடுறாங்க லா, அண்ணே.”

“பதில் போடுறான். சரி பண்றானா? ஒண்ண மூடினா இன்னொண்ணு தொறக்குது.”

பக்கத்தில் சிவகாமசுந்தரி உட்கார்ந்திருந்தார். தஞ்சோங் பகாரில் ஆபீஸ் வேலை, பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆப்பை முதலில் பயன்படுத்திப் பார்த்துச் சொல்பவர் அவர்தான்.

“எனக்கு லைப்ரரி எல்லாம் புரியாதும்மா. ஆப் தொறக்கிறதுக்குள்ள பஸ் போயிடுது. நேத்து மழையில ரொம்ப நேரம் நின்னுட்டேன். அவ்வளவுதான்.”

வினுஷாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

“புதுசையே போட்டுடலாம் அண்ணே,” என்றாள். “பழச எழுதினது என் கூடப் பிறந்த அண்ணன்.”

“அதான பார்த்தேன்! சொந்தக்காரன்னு...”

“அவர் எங்ககிட்ட பேசியே வருஷக்கணக்காச்சு.”



அவள் அண்ணன் வாகீசன் பேங்க் வேலையை விட்டுவிட்டு இலவச சாப்ட்வேர் எழுத உட்கார்ந்தபோது, அப்பா தில்லையம்பலம், “ஊருக்குச் சும்மா உழைக்கிறவனுக்கு என் வீட்டுல என்ன வேலை?” என்று கேட்டுவிட்டார். அவன் நாட்டை விட்டே பெர்த் நகரத்துக்குப் போனான். நம்பரை மாற்றினான். வினுஷா அனுப்பிய மெயில் எதற்கும் பதில் இல்லை.

அவன் லைப்ரரியில் பிழை இருக்கிறது என்று எழுதினால் மட்டும் பதில் வரும். குழுவின் பொதுப் பெயரில்தான் எழுதுவாள். ‘நன்றி, பார்க்கிறேன்.’ அவ்வளவுதான் பதில். பூன் லே போகும் ரயிலில் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். அண்ணன் எழுந்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

“வேணும்னா பழசையே வச்சுக்கலாம்மா,” என்றார் தனசேகரன், குரல் இறங்கி.

“வேணாம் அண்ணே. அக்கா மழையில நிக்கக் கூடாது.”

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அண்ணனின் லைப்ரரிக்கான இணையப் பக்கத்தில் எழுதினாள். ‘எங்களோடு வேலை செய்யும் பார்வையற்ற ஓர் அக்காவுக்கு, ஆப் திறப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அதனால் வேறு லைப்ரரிக்கு மாறுகிறோம். இனி எங்களிடமிருந்து எதுவும் வராது. இத்தனை நாள் பதில் எழுதியதற்கு நன்றி.’

அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள்.

சிராங்கூன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

“ஹலோ?”

“வினு” என்றது, வருஷக்கணக்காகக் கேட்காத அந்தக் குரல்.

அவள் நடைபாதை நடுவிலேயே நின்றுவிட்டாள்.

“அண்ணா... நான்தான்னு எப்படித் தெரியும்?”

“அடுத்தவன் தப்பச் சொல்றதுக்கு நாலு தடவ ஸாரி கேக்கிற ஆளு உலகத்துல வேற யாரு இருக்கா? மொதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் பேசல?”

“பேசினா வீட்டுக்கு வான்னு கூப்பிடுவ. அப்பா முன்னாடி வந்து நிக்கத் தைரியம் இல்ல.”

வினுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “லைப்ரரிய மாத்திட்டேன்னு கோவமா?”

“இல்லடி. நீ செஞ்சதுதான் சரி. அந்த அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. அத உங்களத் தவிர யாருமே யூஸ் பண்றதில்லன்னு விட்டுட்டேன். எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல சரி பண்ணியிருக்கலாம்...”

வாகீசனின் குரல் உடைந்தது.

“சரி பண்ணிட்டா, அப்புறம் நீ எனக்கு எழுத மாட்டியே வினு.”