இன்னொருவர் நிரப்பிய தோட்டா

ஐந்தாவது சுற்றில் என் ரிவால்வர் இரண்டு முறை ‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை.

ஐடஹோ மாநிலப் போட்டி. இன்னும் ஒரே சுற்றுதான் பாக்கி. ஆறு இரும்புத் தட்டு, ஆறு தோட்டா. அந்த இரண்டு ‘டிக்’கையும் மீறி நானும் என் நண்பன் கிளீட்டும்தான் முன்னால் இருந்தோம். அவன் தன் கடைசிச் சுற்றை முடித்துவிட்டான். நான் நாலு நொடிக்குள் ஆறையும் சாய்த்தால் பட்டம் எனக்கு, இல்லையென்றால் அவனுக்கு. ஒன்பது வருடமாக இரண்டாமிடத்தில் வந்து வந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

வெடிக்காத தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஊசி குத்திய தடம் கொசு கடித்த மாதிரி லேசாக இருந்தது.

தப்பு துப்பாக்கியுடையது இல்லை, என் பேராசையுடையது. கம்பெனியிலிருந்து வந்தபோது அதன் விசையை இழுப்பது பழைய டிராக்டரின் கிளட்சை மிதிப்பது போல இருக்கும். கிளீட்தான் தன் கொட்டகையில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்தான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுருளை மாற்றினான். உள்ளே உரசுகிற இடமெல்லாம் மெருகேற்றினான். என் கைக்கு அளவெடுத்து வால்நட் பிடி போட்டான். குழல் நுனியில் குறிபார்க்கும் முளையில் பச்சை இழை பதித்தான். சிலிண்டர் துளைகளின் விளிம்பைக்கூடச் சரித்துவிட்டான், தோட்டா தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

“இனிமே இது உன் பொண்டாட்டியைவிட நல்லா சொன்ன பேச்சு கேக்கும்டா” என்று சொல்லித்தான் கையில் கொடுத்தான்.

கேட்டது. விசை வெண்ணெயாகிவிட்டது. ஆனால் சுருள் இளகியதால் குதிரை என்கிற சுத்தியல் அடிக்கும் அடியும் இளைத்துவிட்டது. மெல்லிய தகட்டுப் பிரைமர் என்றால் வெடிக்கும். கெட்டியானது என்றால் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

காலிக் குப்பிகளில் மருந்தும் புதுப் பிரைமரும் வைத்து எனக்குத் தோட்டா நிரப்பித் தருவது என் மனைவி லோர்னா. இந்த வருடம் மெல்லிய பிரைமர் கண்ணிலேயே படவில்லை, கிடைத்ததைப் போட்டிருக்கிறேன் என்றாள். எல்லாக் கடையிலும் தட்டுப்பாடுதான். அவளைச் சொல்லி என்ன பயன்.

“மெர்ல், இந்தா, என்னுதைப் போடு.” கிளீட் தன் சிவப்புப் பெட்டியை என் கையில் திணித்தான். “ஆறும் வெடிக்கும். அப்புறமும் தோத்தேன்னா என் மேல பழி போடாதே.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் போடுவதில்லை. மருந்து கொஞ்சம் கூடிப்போனாலும் துப்பாக்கி கையிலேயே வெடித்துவிடும். புருஷன் பெண்டாட்டிக்குள், அப்பன் மகனுக்குள், அதோடு சரி. கிளீட் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. யாரிடமும் வாங்கியதில்லை என்றும் சொல்லிக்கொள்வான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். சுடும் கோட்டுக்குப் போய், பெட்டியை எதிரே இருந்த டிரம்மின் மேல் வைத்தேன். நிரப்பலாம் என்றார் நடுவர்.

மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அது எல்லாப் பெட்டியிலும் இருப்பதுதான். மருந்து 3.7. பிரைமர், மெல்லியது. தேதி, ஏப்ரல் 17. அதற்குக் கீழே இன்னொரு வரி: ஜெயிச்சிட்டு வா, கண்ணு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடப்பாவி, கமுக்கமாக ஆள் பிடித்துவிட்டான். அவனுக்கு விவாகரத்தாகி ஆறு வருடம். டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாய், ஒருத்தியைப் பார் என்று நச்சரித்தவனே நான்தான். லோர்னாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தபடியே சிலிண்டரை மூடினேன்.

அப்போதுதான் அந்த ஏழுகளைக் கவனித்தேன்.

இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. எங்கள் ஊரில் அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான். அப்பா ராணுவத்தில் இருந்ததால் சின்ன வயதில் ஜெர்மனியில் படித்தவள். என் வீட்டுத் தபால் பெட்டியில் 477 என்று பெயின்டால் எழுதியதும் அவள்தான்.

மெல்லிய பிரைமர் கிடைக்காமல் இல்லை. கிடைத்தது இங்கே வந்திருக்கிறது.

என் துப்பாக்கியில் எது வெடிக்கும், எது வெடிக்காது என்பது என்னைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

திரும்பி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நிரப்பிய துப்பாக்கியோடு கோட்டில் நிற்பவன் திரும்பக் கூடாது, திரும்பினால் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு என்றதும் காலையில் நான் கிளம்பியபோது லோர்னா சொன்னது நினைவுக்கு வந்தது. வரும்போது பால் வாங்கி வரச் சொன்னாள். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ரெடியா, மெர்ல்?”

தலையாட்டினேன். பஸ்ஸர் ஒலித்தது.

விசையை இழுத்தேன். பாழாய்ப்போன துப்பாக்கி அவ்வளவு அழகாக வேலை செய்தது. ஆறும் வெடித்தன. ஆறு தட்டும் விழுந்தன. மூன்று நொடி சொச்சம் என்றார் நடுவர்.

சிலிண்டரைத் திறந்து, காலி என்று அவருக்குக் காட்டி, உறையில் போட்டேன். இனி யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பினேன்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கிளீட்டும் தட்டுவதற்காகத்தான் கையைத் தூக்கியிருந்தான். ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. டிரம்மின் மேல் திறந்து கிடந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.