கூட்டிப் போட்ட ரெண்டு வயசு

"அப்போ என் வயசுல ரெண்டைக் கூட்டிப் போட்டது நீங்கதானாப்பா?"

"நான்தான்டா! வீட்ல உன் அட்டகாசம் தாங்கல. மூணு வயசுப் பயல அஞ்சுன்னு சொல்லிப் பள்ளிக்கூடத்துல தள்ளிவிட்டேன். அது விசாவுல வந்து விடியும்னு கனவா கண்டேன்?"

வெல்டரான அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு போகலாம். ஆனால் பிள்ளைக்கு இருபத்தொன்று தாண்டியிருக்கக் கூடாது. மகனுக்கு நிஜத்தில் இருபது, பாஸ்போர்ட்டில் இருபத்திரண்டு.

விசா ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிக்கும் பெண் தலை நிமிராமலே சொன்னாள். "பிறந்த ஆஸ்பத்திரி சான்றிதழ் இருக்கு சார். திருத்த மனுவுல அவர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போடுடா!"

"வேணாம்பா. இருபத்திரெண்டாவே இருந்துட்டுப் போறேன்."

"உன்ன விட்டுட்டு உங்கம்மா ஃபிளைட் ஏறுவாளா? அவ ஏறலன்னா நான் மட்டும் எங்கடா போக? கிடைச்ச வேலையும் போச்சு! ஒரு கையெழுத்துப் போட என்ன கேடு உனக்கு?"

மகன் பேனாவை மூடி வைத்தான். "நிஜ வயசு வந்துட்டா என் கல்யாணம் செல்லாதுப்பா. மாப்பிள்ளைக்கு இருபத்தொண்ணு ஆகியிருக்கணுமாம்."

"உனக்கு எவன்டா இப்ப கல்யாணம் பண்ணி வைக்கிறேன்னான்?"

"போன மாசமே பதிவு பண்ணியாச்சு. நீங்க கூட்டிப் போட்ட வயசுதான்பா கைகொடுத்துச்சு."

கீபோர்டு சத்தம் நின்றுபோனது. டைப் அடிக்கும் பெண் மெல்ல எழுந்து, ஒரு டம்ளரை அவர் முன்னால் நீட்டினாள்.

"தண்ணி குடிங்க மாமா."

இப்ப நீங்களே சொல்லுங்க, அந்த மனுஷன் அதை வாங்கிக் குடிப்பாரா, மாட்டாரா?