இடப்பக்கக் கைப்பிடி

"கண்டுபிடிச்சிடுவாரா?" என்றாள் ஹேசல், மறுபடியும்.

"நீ இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கும் சந்தேகம் வந்துடும். போய் டீ போடு" என்றான் கிளைவ். இங்கிலாந்தின் டாம்வொர்த்தில் வீட்டுக் கூரையே பிய்த்துக்கொண்டு போனாலும் முதலில் டீயைத்தான் போடுவார்கள்.

கொட்டகையின் நடுவில் வண்டி பளபளவென்று நின்றது. அறுபதுகளில் வந்த மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கிளைவ் இரண்டு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டியிருந்தான். அவனுக்குத் தெரிந்தவரை எல்லாப் பாகங்களும் அந்த மாடலுக்கே உரியவை, இடப்பக்கக் கதவின் கைப்பிடியைத் தவிர. அது பிற்காலத்தில் வந்த வேனுடையது. பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். நுனி மட்டும் ஒரு நூல் தட்டை.

"ரோலண்ட் போன் பண்ணினானே, என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான், அதே பாட்டுதான். இன்னிக்குத் தேறலைன்னா ஷ்ரூஸ்பரிக்கு அனுப்பிடலாம்கறான். அங்க பாத்துக்க ஆள் இருக்காம், குளிர்ல கிடக்க வேணாமாம். நீங்க ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு வீட்ல வெச்சுக்கிட்டு மாரடிப்பீங்கன்னு என்னையே கேக்கறான்."

ரோலண்ட் அவளுடைய தம்பி. எதையும் தன் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கைகழுவி விடுவதில் கெட்டிக்காரன்.

"நான் அனுப்ப விடமாட்டேன், கிளைவ். இங்கேயே இருக்கட்டும்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடு, முதல்ல இன்னிக்குப் பொழுது நல்லபடியாப் போகட்டும். அவர் வந்ததும் நீ வாயைத் திறக்கக் கூடாது. கண்ஜாடைகூட ஆகாது. ரோலண்டுக்கு வாக்குக் குடுத்திருக்கோம்."

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு, கிளைவ் போய்ப் பெரியவரை அழைத்து வந்தான்.

நார்மன் நாற்பது வருடம் மூன்று சக்கர வண்டி மன்றத்தின் நடுவர். கோடைக் கண்காட்சிகளில் அவர் கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாலே வண்டிக்காரர்கள் துடைக்கிற துணியைத் தேடுவார்கள். பொருந்தாத பாகம் எதுவும் அவரிடம் தப்பியதில்லை என்பார்கள்.

ஹேசலைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "இடத்தைச் சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா. இப்பல்லாம் யார் வெச்சிருக்காங்க!"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நம்பர் தகட்டின் முன் குனிந்தவர், "தம்பி, இந்த ஸ்க்ரூவைப் போட்ட மகராசன் யாரு?" என்றார்.

"நான்தான்."

"தலையில கூட்டல் குறி இருக்கு. இந்த வண்டிக்கு ஒத்தைக் கோடுதான் வரும். தெரியாமப் போட்டியா, சோம்பேறித்தனமா?"

பையிலிருந்து பழைய புகையிலை டப்பாவை எடுத்தார். அதைக் கிளறி, ஒற்றைக் கோடு ஸ்க்ரூ இரண்டைப் பொறுக்கி, தானே மாட்டிவிட்டார். கிளைவின் முகம் சிவந்தது. அது நிஜமாகவே அவனுக்குத் தெரியாத தப்பு.

அடுத்து இடப்பக்கம் வந்தார். கைப்பிடியைத் திருகினார்.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். எட்டி ஸ்டீரிங்கைத் தடவினார், சோக்கை இழுத்துப் பார்த்தார். "இதெல்லாம் சரி." இறங்கி, அதே கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சாத்தினார்.

ஹேசல் கிளைவின் சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அவ்வளவுதானா? நல்லாப் பாத்துட்டீங்களா?" என்றான் கிளைவ்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு. வெறும் வயித்தோட வேலை வாங்கறீங்களே, ஒரு டீ கிடையாதா?"

ஹேசல் கொண்டுவந்து நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு வியந்துபோய், "அட, எனக்கு மூணு சர்க்கரைன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றார்.

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

நார்மன் வண்டியில் சாய்ந்துகொண்டு குடித்தார். சும்மா இருந்த இன்னொரு கை கைப்பிடியின் மேல் கிடந்தது. கட்டைவிரல் அதன் நுனிவரை போனது, திரும்பியது, மறுபடி போனது. பிறகு நின்றுவிட்டது.

கோப்பையை வைத்துவிட்டு வலப்பக்கம் போனார். கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்த கைப்பிடியைத் தடவினார். திரும்பி வந்தார்.

"இது இந்த வண்டியோடது இல்ல."

"எது?"

"எதுவா? இந்தக் கைப்பிடி. வேனோடது, நுனி தட்டை. யார் காதுல பூ சுத்தறீங்க? சரியானது எங்க?"

ஹேசல் அழுதுவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, சரியான கைப்பிடியை எடுத்து நீட்டினாள். நேற்று மாலை அவள்தான் அதைக் கழற்றி, வேனுடையதை அங்கே மாட்டி வைத்திருந்தாள்.

கிளைவ் அதற்குள் போனில் கத்திக்கொண்டிருந்தான். "ரோலண்ட், தேறிட்டார்டா! அவரே கண்டுபிடிச்சிட்டார்! இனிமே ஷ்ரூஸ்பரி முதியோர் இல்லம்னு எவனாவது வாயைத் திறந்தா நடக்கறதே வேற!"

நார்மன் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கைப்பிடியைப் பொருத்தி, முடுக்கி, கைக்குட்டையால் துடைத்துவிட்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஹேசலின் பக்கம் திரும்பினார்.

"டீக்கு ரொம்ப நன்றிம்மா, நான் கிளம்பறேன். நேரமானா வீட்ல என் பொண்ணு ஹேசல் தவிச்சுப் போயிடுவா."